காற்றைக் காயவைத்த கேரியர்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், நானும் ஒரு கவிதை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம மலரில் என்றைக்குக் கவிதைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? அதனால் ஒரு மனிதரின் கதையை எழுதுகிறேன். அவர் பெயரைத் தினமும் பார்க்கிறோம். கடை வாசலிலும், மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டிலும் அது எழுதியிருக்கும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அவர்தான் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர். சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் பார்த்தாலே நம்மில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வருமே, அந்தச் சார்ட்டை நமக்குத் தந்த புண்ணியவான்! எனக்குக் காய்ச்சலோடு அரியரும் சேர்ந்து வந்தது.

ஒரு ஸ்வெட்டர் கதை

கேரியரைப் பற்றித் தேடிப் படிக்க வைத்ததே இன்பிளான்ட் டிரெய்னிங்தான். ஒரு பெரிய வணிக வளாகத்தின் ஏ.சி. பிளான்ட்டில் எனக்குப் பதினைந்து நாள் பயிற்சி. வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே நான்காவது மாடி ஆபீசில் வேலை பார்க்கும் அக்காமார்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டைப் அடிக்கிறார்கள். என்னங்க இது கூத்து என்று பிளான்ட் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். தெர்மோஸ்டாட் மாட்டியிருந்த இடத்துக்குக் கீழேயே ஒரு ஜெராக்ஸ் மெஷின்! நாள் முழுக்க அது சூடாக மூச்சு விடுகிறது. தெர்மோஸ்டாட்டோ ரூம் முழுக்கக் கொதிக்கிறது என்று நம்பி, குளிர்ந்த நீர் வால்வை முழுசாகத் திறந்தே வைத்திருக்கிறது. கீழே இரண்டு சில்லரும் மூச்சு வாங்க ஓடுகின்றன.

இதை மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றார் அண்ணன். அன்று இரவு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படிக் குளிரூட்டத்தான் ஒருவர் ஏ.சி.யைக் கண்டுபிடித்தாரா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்ததுதான் இந்தக் கதை.

ஆப்பிள் கணக்கு

கேரியர் பிறந்தது 1876-ஆம் ஆண்டு நவம்பர் 26. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஏரி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் உள்ள அங்கோலா என்ற சிற்றூர். விவசாயக் குடும்பம், வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சின்ன வயதில் இவருக்குப் பின்னக் கணக்கு சுத்தமாக வரவில்லை. (கேட்கவே எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது, பார்த்தீர்களா?) அவருடைய அம்மா திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஆப்பிள் எடுத்துவரச் சொன்னார். பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டச் சொல்லி, கூட்டவும் கழிக்கவும் கற்றுக் கொடுத்தார். எவ்வளவு பெரிய சிக்கலாக இருந்தாலும் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் கைக்குள் அடங்கும் என்ற பாடம் அன்றே பையன் மனதில் பதிந்துவிட்டது. அந்த அம்மா கேரியரின் சிறுவயதிலேயே இறந்துபோனார். ஆனால் அந்த ஆப்பிள் பாடம் கடைசி வரை அவருடன் இருந்தது.

பண நெருக்கடியால் உயர்நிலைப் பள்ளி முடித்ததும் கல்லூரிக்குப் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தபடியே காத்திருந்து, உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் புல் வெட்டுவது, அடுப்பு பார்ப்பது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துதான் சாப்பாட்டுக்கு வழி பண்ணினார். 1901-ல் பொறியியல் பட்டத்தோடு வெளியே வந்தவருக்கு பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 10 டாலர்.

காகிதம் செய்த கலாட்டா

நண்பர்களே, ஏ.சி. பிறந்தது மனிதனுக்காக இல்லை, காகிதத்துக்காக!

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப் படம் அடிக்கிறவர்கள். ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறை மெஷினில் விட்டு எடுக்க வேண்டும். இன்று காற்றில் ஈரம் அதிகம் என்றால் தாள் உப்புகிறது. நாளை ஈரம் குறைந்தால் சுருங்குகிறது. சிவப்பு ஓரிடம், மஞ்சள் ஓரிடம்! தாளும் மையும் நாளும் வீணாயின.

1902-ல் இந்தச் சிக்கல் கேரியரின் மேஜைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 25, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான். முதலில் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலில் நனைத்த சாக்குத் துணி வழியே காற்றை விட்டுப் பார்த்தார். ஈரம் போனது, ஆனால் காற்றில் உப்பு ஏறியது. அது தோற்றதும், நீராவிக் குழாயில் சூடான நீராவிக்குப் பதில் குளிர்ந்த நீரை விட்டால் என்ன என்று யோசித்தார். குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பது போலக் காற்றின் ஈரம் காயிலின் மேல் படிந்து சொட்டிவிடும் அல்லவா? எந்த ஈரத்துக்கு எந்த வெப்பநிலை, எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டு, 1902 ஜூலை 17 அன்று வரைபடத்தை முடித்தார். வருடம் முழுவதும் 55 சதவீத ஈரப்பதம் என்பது இலக்கு. அந்தத் தேதியைத்தான் நவீன ஏ.சி.யின் பிறந்தநாள் என்கிறார்கள்.

அந்த அமைப்பின் குளிரூட்டும் திறன் தினமும் 1,08,000 பவுண்டு ஐஸ் உருகுவதற்குச் சமம். 2,000 பவுண்டால் வகுத்துப் பாருங்கள், 54 வரும். ஆமாம், 54 டி.ஆர்.! நாம் வைவாவில் உளறும் டன் ஆஃப் ரெஃப்ரிஜரேஷனுக்கு அர்த்தம் இதுதான். 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகும் வேகம்.

பனிமூட்டத்தில் கிடைத்த ஞானம்

அதே ஆண்டின் கடைசியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஒரு குளிர்ந்த இரவு. வண்டிக்குக் காத்திருக்கிறார் கேரியர். பிளாட்பாரம் முழுக்கப் பனிமூட்டம். நாமாக இருந்தால் வண்டி லேட்டு என்று அலுத்துக்கொண்டு டீக்கடையைத் தேடியிருப்போம். அவரோ அந்தப் பனியைப் பார்த்து யோசித்தார். பனிமூட்டம் என்றால் காற்று நூறு சதவீதம் ஈரத்தால் நிறைந்திருக்கிறது. ஆனால் காற்று குளிர்ந்து கிடப்பதால், நூறு சதவீதம் என்றாலும் அதிலுள்ள தண்ணீர் மிகக் கொஞ்சம். அப்படியென்றால், வேண்டிய குளிர்நிலையில் செயற்கையாக ஒரு பனிமூட்டத்தை உண்டாக்கிவிட்டால், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்!

குளிர்ந்த தண்ணீரைத் தூவியே காற்றைக் காயவைப்பது! கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கணக்கு சரி. சுமார் 12 டிகிரி செல்சியசில் நிறைவுற்ற காற்றை எடுத்து 21 டிகிரிக்குச் சூடாக்குங்கள், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 55 சதவீதத்தில் வந்து நிற்கும். சார்ட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். இந்த ஸ்பிரே கருவிக்கு 1906 ஜனவரி 2-ல் பேட்டன்ட் கிடைத்தது. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வைத்தது மட்டும் கேரியர் இல்லை. அதே 1906-ல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலைப் பொறியாளர் வைத்த பெயர் அது.

1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் தம் சைக்ரோமெட்ரிக் சூத்திரங்களைக் கேரியர் படைத்தார். அதுவரை குத்துமதிப்பாக நடந்த தொழில் அன்றுமுதல் கணக்குக்கு வந்தது. இந்த இடத்தை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேரியரின் பெருமை குளிரூட்டியதில் இல்லை, அளந்து குளிரூட்டியதில்தான்.

ஏழு பேரும் ஒரு கம்பெனியும்

முதல் உலகப் போர் நேரத்தில் பஃபலோ ஃபோர்ஜ் தன் செலவைச் சுருக்கி, பொருள் தயாரிப்போடு நிறுத்திக்கொள்ள முடிவெடுத்தது. கேரியரும் அவருடைய நண்பர் இர்வின் லைலும் மேலும் ஐந்து பொறியாளர்களும் கையிலிருந்த 32,600 டாலரைப் போட்டு 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

அப்போதைய குளிர்சாதன இயந்திரங்கள் பூதம் போல இருந்தன. பிஸ்டன் ஓடும், இடம் அடைக்கும், உள்ளே அம்மோனியா வேறு. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. ஜனங்கள் கூடும் இடத்தில் அதை வைக்க முடியுமா? பம்ப்பில் சென்ட்ரிஃபியூகல் இருக்கும்போது கம்ப்ரசரில் ஏன் கூடாது என்று கேட்டார் கேரியர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செய்த கம்ப்ரசரை வாங்கி, டைலீன் என்ற திரவத்தைக் குளிர்பொருளாக வைத்து, 1922 மே மாதம் நூவர்க் நகரில் தம் சென்ட்ரிஃபியூகல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். இன்றும் பெரிய மால், ஆஸ்பத்திரி, ஐ.டி. பார்க் அடித்தளத்தில் உறுமுகிற சென்ட்ரிஃபியூகல் சில்லருக்கு அதுதான் பாட்டன்.

1924-ல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பல்பொருள் அங்காடிக்கு மூன்று இயந்திரங்கள் போயின. 1925 மே மாதக் கடைசியில் நியூயார்க் ரிவோலி தியேட்டரின் முறை. பாதுகாப்பு அதிகாரி புதிய திரவத்துக்கு அனுமதி தரத் தயங்க, கேரியர் அவர் மேஜையிலேயே அந்தத் திரவத்தை ஊற்றி எரியும் தீக்குச்சியைப் போட்டுக் காட்டினாராம். வெடிக்கவில்லை, அனுமதி கிடைத்தது! முதல் நாள் கையில் விசிறியோடு வந்த ரசிகர்கள் பழக்க தோஷத்தில் வீசிக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்ல விசிறிகள் மடிக்கு இறங்கின. பாரமவுண்ட் அதிபர் அடால்ஃப் சுகோர் பால்கனியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் தியேட்டர்களுக்குக் கோடைதான் சீசன்.

ஒரே நேரத்தில் சூடும் குளிரும்

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. கேரியரின் பழைய முறையில் காற்றை முதலில் நன்றாகக் குளிர்வித்து ஈரத்தைப் பிழிய வேண்டும். பிறகு ரூமுக்கு ஏற்றபடி மறுபடி சூடாக்க வேண்டும். அச்சகத்துக்கு இது அவசியம். ஆனால் ஒரு தியேட்டருக்கோ ஆபீசுக்கோ இரண்டு செலவும் தண்டம். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துவது மாதிரி!

இதற்கு வழி கண்டவர் கேரியர் கம்பெனியைச் சேர்ந்த லோகன் லூயிஸ். 1922-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோபாலிடன் தியேட்டரில், உள்ளே இருந்து திரும்பி வரும் காற்றில் ஒரு பகுதியைக் காயிலுக்குள் விடாமல் பைபாஸ் செய்து, குளிர்ந்த காற்றோடு கலந்தார். அந்தக் காற்றில் ஏற்கெனவே இருக்கிற சூடே மறுசூட்டுக்குப் போதும். ஹீட்டர் மிச்சம், குளிரூட்டும் சுமையும் மிச்சம். குளிர்ந்த காற்றையும் காலடியில் விடாமல் மேலிருந்து இறக்கினார்கள். எரிசக்திச் சிக்கனம் என்பது நேற்று வந்த ஃபேஷன் இல்லை என்பதற்கு இது சாட்சி. ஏ.சி. தொழிலின் குழந்தைப் பருவத்திலேயே அதுவும் பிறந்துவிட்டது.

உச்சமும் முடிவும்

1928-ல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 21 மாடி மிலாம் கட்டடம் திறக்கப்பட்டது. முழுக்க ஏ.சி. செய்த முதல் உயரமான அலுவலகக் கட்டடம், கேரியரின் வேலை. அதே ஆண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும், அடுத்த ஆண்டு செனட்டுக்கும் ஏ.சி. வந்தது. 1927-லும் 1931-லும் அந்நாட்டின் இரண்டு பெரிய குளிர்சாதன, வெப்பமூட்டல் பொறியாளர் சங்கங்களுக்குத் தலைவராக இருந்தார். அந்த இரண்டு சங்கங்களும் 1959-ல் ஒன்றானதுதான் நம்ம பாடப் புத்தகத்தில் வரும் ஆஷ்ரே.

வாழ்க்கை பூப்பாதையாக இருக்கவில்லை. இரண்டு மனைவியரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கம்பெனி ஆட்டம் கண்டது. இளமையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் இவர் பொருத்திய வாயுச் சுத்திகரிப்புக் கருவி சரியாக வேலை செய்யாமல், தூக்கமே போனதாம். வரக்கூடிய மிக மோசமான விளைவு என்ன என்று பார்த்து, அதை மனதார ஏற்றுக்கொண்டு, பிறகு அமைதியாக அதைச் சரிசெய்ய முயன்றார். ஜெயித்தார். டேல் கார்னகி கவலை பற்றி எழுதிய புத்தகத்திலும் இது வருகிறது. அரியர் ரிசல்ட் பார்க்கும் முன் இந்த முறையை நானும் முயன்றேன், கொஞ்சம் வேலை செய்கிறது!

1939-ல், வானளாவிய கட்டடங்களில் இடத்தை அடைக்காத சிறு குழாய்கள் வழியே காற்றை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். 1950 அக்டோபர் 7-ல், 73-ஆம் வயதில் காலமானார்.

அவர் போன பிறகு

கேரியர் செய்ததை உலகம் இரண்டு விதமாகப் பயன்படுத்தியது. ஒருபக்கம் மருந்து, ஆபரேஷன் தியேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அவர் தயவில் நடக்கின்றன. மறுபக்கம், ஏ.சி. இருக்கிறதே என்ற தைரியத்தில் கட்டடக்காரர்கள் வெயிலை மறந்தார்கள். 1952-ல் நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் எழுந்தது. முழுக்கக் கண்ணாடி, திறக்கவே முடியாத ஜன்னல்! வெயில் ஊர்களும் அதைக் காப்பியடித்தன. வெயிலைக் கண்ணாடி வழியே உள்ளே அழைப்பது, பிறகு கரண்ட் போட்டு வெளியே துரத்துவது! சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகக் கட்டடங்கள் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏ.சி.க்கும் மின்விசிறிக்கும் போகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறதே!

இதற்குக் கேரியரைக் குற்றவாளியாக்கலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கம்பெனியும் மற்றவர்களும் 1930-களிலிருந்து பயன்படுத்திய சி.எஃப்.சி. ஓசோனைத் தின்றது உண்மை. அது அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆனால் அளக்காமல் குளிரூட்டுவது வீண் என்பது கேரியருக்கு அன்றே தெரியும். நாம்தான் அதை மறந்தோம்.

மறக்காதவர்களும் உண்டு. 1931-ல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2009-ல் சீரமைக்கத் தொடங்கினார்கள். பழைய சில்லரைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குவதுதான் முதல் யோசனை. பிறகு சிக்கலை ஆப்பிள் போலத் துண்டு போட்டார்கள். 6,514 ஜன்னல்களின் கண்ணாடியைக் கழற்றி, அதே கட்டடத்திலேயே பட்டறை போட்டு, நடுவில் ஃபிலிம் வைத்து மறுபடி பொருத்தினார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இன்சுலேஷன் கொடுத்தார்கள். விளக்குகளையும் கன்ட்ரோலையும் மாற்றினார்கள். குளிரூட்டும் சுமை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. புதிய சில்லரே வேண்டாம், பழையதைப் புதுப்பித்தாலே போதும் என்றாகிவிட்டது! மொத்த எரிசக்தியில் 38 சதவீதம் மிச்சம் என்பது திட்டம். முதலில் சுமையைக் குறை, அப்புறம் மெஷினைத் தொடு. இதுதான் பாடம்.

நம் நாட்டிலும் 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும், 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பும் வந்தன. நட்சத்திரக் குறியீடு பெறும் ரூம் ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றும் விதி வந்தது. ஆனால் விதி காகிதத்தில்தான் இருக்கும். ஸ்பேனர் நம் கையில்தான் இருக்கும்!

நமக்கு என்ன வேலை?

பெரிய கட்டடத்தை டிசைன் செய்கிறவர்கள் வேறு யாராகவோ இருக்கலாம். முப்பது வருடம் அதை ஓட்டப் போகிறவர்கள் டிப்ளமோக்காரர்களான நாம்தான். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும் (0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்). அதற்குத்தான் வி.எஃப்.டி. அடைந்த ஃபில்டர், ஒழுகும் டக்ட், கெட்டுப்போன டேம்பர், அழுக்குப் பிடித்த கண்டென்சர்... எல்லாமே புகைபோக்கி இல்லாத புகைதான். அதை அணைக்கப் பெரிய பட்டம் தேவையில்லை. அளக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

கடைசியாக அந்த ஸ்வெட்டர் கதைக்கு வருகிறேன். பயிற்சியின் பத்தாம் நாள், ரூமில் ஆறு இடங்களில் தெர்மாமீட்டர் வைத்து, மணிக்கு ஒருமுறை குறித்து, கிராஃப் தாளில் வரைந்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே மட்டும் 29 டிகிரி, மற்ற இடமெல்லாம் 20, 21. அந்தத் தாளை அண்ணன் மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தார். மூன்று கடிதம் செய்யாததை ஒரு கிராஃப் செய்தது. மறுநாளே தெர்மோஸ்டாட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றி 24-ல் வைத்தோம். அன்று பிற்பகல், நான் போன நாளிலிருந்து முதல் தடவையாக, இரண்டாவது சில்லர் தானாக நின்றது. பிளான்ட் ரூமில் திடீரென்று பாதி சத்தம் அடங்கிப்போனது. அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

மேலே போய்ப் பார்த்தேன். ஸ்வெட்டர்கள் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை ஆர்.ஏ.சி. லேப்பில் சார்ட்டை விரிக்கும்போது, பிட்ஸ்பர்க் பிளாட்பாரத்தில் பனிக்குள் நின்ற அந்த இளைஞரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. அப்புறம் அந்த அரியர்... அதை நான் பாஸ் பண்ணிவிட்டேன்!